நாலு பேர் தோள் கொடுக்கும் அகலம்

பிள்ளைகளே, உங்களில் மூத்தவன் போன வாரம் எழுதிய கடிதத்தை உங்கள் அம்மா இரண்டு தரம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆபீசில் தன் வேலையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, நன்றாகச் செய்தாலும் அதே முகம், ஏனோதானோ என்று செய்தாலும் அதே முகம், காலையில் சட்டையை மாட்டும்போதே மனசு சலித்துப்போகிறது என்று எழுதியிருக்கிறான். கார்டில் பதில் எழுத உட்கார்ந்தேன். கார்டு போதவில்லை. மற்றவர்களும் நாளைக்கு ஏதோ ஒரு வேலைக்குப் போகிறவர்கள்தான். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். புத்திமதி சொல்லும் அளவுக்குப் படிப்பு இல்லை. என் தொழிலில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் நான் நல்லவனாக வரமாட்டேன். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனம் தாலுகா ஆபீஸ் காம்பவுண்டுக்குள் மனு எழுதித்தான் உங்களை வளர்த்தேன். வீடு விழுப்புரத்தில். விழுப்புரத்திலும் ஆபீசும் கோர்ட்டும் உண்டுதான். ஆனால் அங்கே இருந்த நிழலையெல்லாம் எனக்கு முன்பே வந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் காலைப் பாசஞ்சரில் திண்டிவனம் போய்ச் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவேன். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் எனக்கு ஒரு பாய், ஒரு குட்டை மேசை, மசிப்புட்டி, கைநாட்டு வைக்க மை. மேசையை ஆபீஸ் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தேன். எந்த குமாஸ்தா வெளியே வருகிறார், அடுத்த ஆள் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? மனு எழுத வந்தவர்கள் என் இடது கைப்பக்கம் குந்திப் பேசுவார்கள். கண் வாசலில், காது அவர்களிடத்தில். மரத்தடியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

ஆரம்பத்தில் எனக்கு வேலையில் நல்ல ருசி இருந்தது. நான் எழுதிய மனுவைத் தாசில்தார் படித்துவிட்டு, இது யார் கையெழுத்து என்று விசாரிப்பார் என்றுகூட நினைத்துக்கொள்வேன். யாரும் விசாரிக்கவில்லை. மனு உள்ளே போகும், அத்தோடு சரி. எழுதிக்கொண்டு போனவர்களும், காரியம் ஆனாலும் ஆகாவிட்டாலும், என்னிடம் திரும்பி வந்து சொல்வதில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை. எனக்கு மேலதிகாரி இல்லை, திட்ட ஆள் இல்லை, மெச்ச ஆள் இல்லை. நாலைந்து வருஷத்தில் ருசி போய்விட்டது. எப்போது போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் பார்த்தால் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். அவர் சொல்வார்: "மனுன்னா நாலே தினுசுய்யா. வழி, வரப்பு, பட்டா, தண்ணி. மீதியெல்லாம் மூக்கு சிந்தறது. அதைக் கேட்டுக்கினு இருந்தா பொழுது சாஞ்சிடும்."

இது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆள் வராத நேரத்தில் காகிதங்களை எடுத்துத் தலையும் வாலும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வேன். தலையில் தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு என்று மரியாதை வரிகள். வாலில், "மேற்படி சங்கதிகளை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தேன்" என்ற வரி. நடுவில் மட்டும் காலி. வந்தவர் வாய் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் எந்தத் தினுசு என்று தெரிந்துவிடும். அப்புறம் கை தானாக ஓடும். எழுதி முடித்துப் படித்துக் காட்டுவதும் மெல்ல நின்றுபோயிற்று. படித்துக் காட்டினேன் என்ற வரி காலையிலேயே காகிதத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே!

வீட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் உங்கள் அம்மா சோறு போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை நிறுத்திவிட்டு, "நானும் ஒரு கைநாட்டு வெச்சாத்தான் நான் பேசறது உங்க காதுல உழுமா? சொல்லுங்க, மையி கொண்டாரேன்" என்றாள். சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன். அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம் என்று ஞாபகம். கிளியனூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயசிருக்கும். சேரியில் குடியிருப்பு, கழனிக் கூலி. மரத்து நிழலுக்கு வெளியே, வெயிலிலேயே குந்தினார். கிட்டே வா என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது என்று இப்போது சொல்லித் தப்பிக்கலாம். வழக்கம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை யாரும் தூக்கில் போட்டிருக்கமாட்டார்கள்.

தங்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் நிலத்துக்காரர் முள்வேலி போட்டுவிட்டார் என்று ஆரம்பித்தார். எனக்கு அது போதும். வழி. கை ஓட ஆரம்பித்தது. அவர் மேலே பேசிக்கொண்டிருந்தார். அப்பா, ஐப்பசி மழை, வாய்க்கால், பனைமரம் என்று சில வார்த்தைகள் காதோரம் வந்து போயின. அன்றைக்குப் பாகப்பிரிவினை விஷயமாக ஒரு பெரிய இடத்து ஆள் வருவதாக இருந்தது. என் கண் வாசலை விட்டு நகரவில்லை. வழி மனு என்றால் எங்களுக்கு மனப்பாடமான ஒரு பாடம் உண்டு: "அக்கிரமமாயும் பலாத்காரமாயும் வழியை அடைத்து, ஏழைகளாகிய எங்களை நிர்க்கதியாக்கி." பலாத்காரம் என்றால் மனு பாஷையில் அடாவடி. வேகமாக எழுதி நீட்டினேன்.

"எல்லாம் எழுதிட்டீங்களா சாமி? பனமரத்துச் சங்கதியும்?"

"எல்லாம் இருக்குது. வை கைநாட்டை."

பனைமரத்துச் சங்கதி என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் விரலை மையில் தோய்த்து, நான் காட்டின இடத்தில், படித்துக் காட்டக் கேட்டேன் என்ற வரிக்குக் கீழே, அழுத்தி வைத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆவணி பாதியில் திரும்பி வந்தார். அதே இடத்தில், அதே வெயிலில் நின்றார். உட்காரவில்லை. கோபமாகவும் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். அவர் அப்பா ஒரு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். அவருக்கு இருக்கிற கவலை ஒன்றுதான், தன்னை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது. காலங்காலமாக நிலத்துக்காரருடைய புன்செய்க் கொல்லை வரப்பு வழியாகத்தான் அவர்கள் சனம் பிணம் தூக்கிப் போயிற்று. நிலத்துக்காரர் புதுக் கிணறு வெட்டி அந்தக் கொல்லையில் மல்லாட்டைப் பயிர் போட்டார். கால் மிதியாமல் இருக்க வேலி வைத்தார். அதில் சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கூடிப் பேசி, கொல்லையைச் சுற்றி வாய்க்கால் கரையோடு போவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஓரிடத்தில் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அதற்குக் குறுக்கே போடப் பனைமரம் தன் நிலத்திலிருந்தே தருவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். வாய்க்கால் சர்க்காருடையது என்பதால், தாசில்தாரிடம் ஒரு அனுமதிக் காகிதம் வாங்கி வா என்றார் ஊர்க் கணக்கப்பிள்ளை. ஐப்பசி பிறந்தால் வாய்க்காலில் மார்பளவு தண்ணீர் ஓடும். அதற்குள் பனை போட்டாக வேண்டும். அவர் என்னிடம் கேட்டு வந்தது அந்த ஒரு அனுமதியைத்தான்.

நான் எழுதிக் கொடுத்ததோ நிலத்துக்காரர் மேல் பிராது. ரெவினியூ இன்ஸ்பெக்டர் அதை எடுத்துக்கொண்டு நேராக நிலத்துக்காரர் வீட்டுக்கே போய், வாசலில் நின்று உரக்கப் படித்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அக்கிரமம், பலாத்காரம் என்ற வார்த்தையெல்லாம் அவர்கள் காதில் விழுந்தது. அதோடு பனைமரமும் இல்லை, வாய்க்கால் கரையில் நடக்கவும் கூடாது, இந்தக் குடும்பத்தில் யாருக்கும் இனி அவர் கொல்லையில் வேலையும் கிடையாது.

"அப்பாரு தெனமும் கேக்கறாரு, வழி வந்துடிச்சாடான்னு. இன்னா சொல்றதுன்னு தெரியலிங்க."

உடனே நான் செய்தது என்ன தெரியுமா? சண்டைக்குப் போனேன்.

"கைநாட்டு வெச்சது நீதானே?"

"ஆமாங்க. நீங்க படிச்சுக் காட்டலிங்களே."

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வழி சொன்னார். முன் மனுவில் தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக அந்த ஆளையே ஒரு வரி ஒப்புக்கொள்ள வைத்து வேறொரு மனு போட்டால் முடிந்தது என்றார். "எழுதினவனுக்குத் தப்பு வரக்கூடாது பாரு. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு." அப்படி எழுதியிருக்கலாம். நான் நீட்டினால் அவர் அதிலும் கைநாட்டு வைத்திருப்பார். அதை நினைத்ததும் எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திண்டிவனம் வந்து, புதுச்சேரி ரோட்டு பஸ் பிடித்துக் கிளியனூரில் இறங்கி நடந்தேன். மனு எழுதுகிறவன் மனுக்காரர் ஊருக்குப் போவது எங்கள் தொழிலில் இல்லாத வழக்கம். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிழ்த்த கூடை ஒன்றைத் துடைத்துப் போட்டார். அவருடைய அப்பா கட்டிலில் படுத்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த எழுத்துக்காரரு? ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க சாமி. உங்க காயிதம் வர்ற வரைக்கும் நான் இருக்கணுமா, இல்ல வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள ஜல்தியா போயிடணுமா? தெரிஞ்சா அதுக்குத் தக்கன இழுத்துக்கினு கெடப்பேன்."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார். இருங்க, காகிதம் வரும் என்றேன். வரும் என்று எந்த தைரியத்தில் சொன்னேனோ.

மகன் என்னைக் கூட்டிப்போய் வாய்க்காலைக் காட்டினார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ வாய்க்கால்களை எழுதியிருக்கிறேன். ஒன்றின் கரையில்கூட நின்றதில்லை. அங்கிருந்து நிலத்துக்காரரிடம் போனோம். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். மகன் எட்டவே நின்றுவிட்டார். நான் யார் என்று சொன்னேன்.

"அந்தக் காயிதம் எழுதின கையி எதுன்னு பாக்கணும்னு இருந்தேன்" என்றார்.

"இந்தக் கைதாங்க" என்றேன்.

அப்புறம் அவர் பேசினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏற்றக்காரர் இறைத்து முடித்துக் கரையேறும் வரைக்கும் பேசினார். நடுநடுவே பதில் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. எழுதும்போது அப்படித்தான் எழுதுவது, அது வெறும் பாடம், மனசில் வைத்து எழுதியதல்ல என்று சொல்ல ஆசை. அதைச் சொன்னால் அவர் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். முதலில் என்னைத் திட்டினார். பிறகு அந்த ஆளைத் திட்டினார். பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கடைசியில் தானாகவே, "நானும் இவனும் ஒண்ணா நின்னு அந்தக் கரையைக் கயிறு போட்டு அளந்தோம்யா. என்னப் போயி பலாத்காரம்னுட்டீங்களே" என்றார்.

முதல் நாளே எழுத வேண்டிய வரி அதுதான். வேலி, வழி, அனுமதி எல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கேயே கிணற்று மேட்டில் உட்கார்ந்து பையிலிருந்து காகிதம் எடுத்தேன். தலையும் வாலும் எழுதாத வெறுங் காகிதம். முன் மனுவில் உள்ள கடுஞ்சொற்கள் எழுதினவனுடையவை, சொன்னவருடையவை அல்ல என்று முதல் வரியிலேயே போட்டேன். எழுதி முடித்து இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நிலத்துக்காரர் கரையில் நடக்கச் சம்மதம் கொடுத்தார் என்று எழுதியிருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சம்மதமும் இல்ல, கிம்மதமும் இல்ல. கூட நின்னு அளந்தாருன்னு எழுது." மாற்றினேன். இரண்டு பனைமரம் என்று படித்தபோது எட்ட நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு போதாதுங்க. ஒத்த ஆளு நடக்கத்தான் ரெண்டு. நாலு பேரு தோள் குடுத்துக்கினு சோடி சோடியா வரணும். நாலு பனையாவது வேணும்."

நிலத்துக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாலுன்னே எழுதுய்யா" என்றார்.

படித்துக் காட்டாமல் இருந்திருந்தால் இரண்டு பனைக்கு அனுமதி வந்திருக்கும். பாடை அதன்மேல் போயிருக்காது. கடைசியில் அந்த வால் வரியை எழுதினேன். எத்தனையோ வருஷமாக எழுதிய வரி, அன்றைக்குத்தான் நிஜமாக எழுதினேன். புரட்டாசி கடைசியில் உத்தரவு கிடைத்தது.

மூத்தவனே, இதற்குப் பிறகு எனக்கு வேலையில் ருசி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. யாரும் வந்து என்னை மெச்சவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னை ஊர்சுற்றி என்று கூப்பிட ஆரம்பித்தார். பாசஞ்சர் லேட்டானால் அதே எரிச்சல், ஆள் வராத நாளில் அதே கொட்டாவி. ஒன்று மட்டும் கண்டுகொண்டேன். நாலு தினுசு மனுதான், அது உண்மை. ஆனால் ஒவ்வொன்றிலும் வேறெந்த மனுவிலும் இல்லாத ஒரு சங்கதி எங்கேயோ இருக்கிறது. கயிறு போட்டு அளந்தது மாதிரி, நாலு பனை மாதிரி. பெரும்பாலும் அது பேச்சின் கடைசியில், நாம் பேனாவை மூடப்போகும் நேரத்தில்தான் வரும். இன்றைக்கு வருகிற ஆளிடம் அது என்னவாக இருக்கும் என்று பார்க்கத்தான் அப்புறம் காலையில் விழுப்புரத்தில் ரயிலேறுவேன். அப்படி நினைத்துக்கொண்டு ஏறினால் கால் கொஞ்சம் சுறுசுறுப்பாக நடக்கும். நினைக்க மறந்த நாட்களும் உண்டு. உன் ஆபீசில் அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

தை மாதம் அவர் மறுபடி வந்தார். அன்று நிழலுக்குள் வந்து உட்காரச் சொன்னேன். தயங்கி, நிழல் முடிகிற ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன மனு என்று கேட்டேன். மனு ஒன்றும் இல்லை, அப்பா போய்விட்டார், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். அத்தனை வருஷத்தில் மனு போட்டு முடிந்த காரியத்தைச் சொல்ல என்னிடம் வந்தவர் அவர் ஒருவர்தான்.

பனை போட்ட அன்றைக்கே கிழவர் தன்னைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தாராம். ஒரு தரமாவது நடந்து பார்த்துவிட்டேன், இனிமேல் தூக்கிக்கொண்டு போவது உங்கள் பாடு என்றாராம். இதைச் சொல்லிவிட்டு, எடுத்துப்போன நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் வாசலில் ஹெட் குமாஸ்தா வெளியே வந்தார். என் கண் அங்கே போய்விட்டது. அவருடைய பேச்சு பாதியில் நின்றது. நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க" என்றேன். அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தரம்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாய்க்கால் நெறைய தண்ணிங்க. ஒருத்தரு காலு நனையல. நாலு பேரும் ஒண்ணாவே அடி வெச்சாங்க."

அவர் போன பிறகு பொழுது இறங்கிவிட்டது. மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து மேசைக்காரரும் போய்விட்டார். பாசஞ்சருக்கு இன்னும் நேரம் இருந்தது. என் மேசை வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இருந்ததால் நாலு காலும் மண்ணில் குழி பறித்திருந்தன. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, ஆபீஸ் வாசல் என் முதுகுக்குப் பின்னால் வரும்படி திருப்பிப் போட்டேன். பாயையும் திருப்பினேன். எதிரே ஒரு ஆள் நிழலில் உட்காருகிற இடம் விட்டேன். புது இடத்தில் தரை மேடு பள்ளம். மேசை ஒரு பக்கம் ஆடியது. மரத்தடியில் தேடி ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து, ஆடின காலுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். கையால் அசைத்துப் பார்த்தேன். நின்றது.